இஃப்-எல்ஸ் ஏணி நீண்டுகொண்டே போனால் என்ன செய்வது

பெங்களூருவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மடிவாளாவிலிருந்து சேலம், மதுரை பக்கம் போகும் பஸ்களுக்கு டிக்கெட் போடும் மென்பொருள் ஒன்றில் இருந்தேன். அதில் கட்டணம் கணக்கிடும் ஃபங்ஷன் வாரநாளுக்கு ஒரு இஃப், வெள்ளி ராத்திரிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, நடுநடுவே ஸ்லீப்பருக்கு ஒன்று என்று இறங்கிக்கொண்டே போகும். பொங்கல் விலையைத் தொட்டால் வெள்ளிக்கிழமை விலை உடையும்.

இதற்கு உதவுவது டிசைன் பேட்டர்ன், அதாவது நிரலில் அடிக்கடி வரும் சிக்கல்களுக்குப் பெயர் வைத்த தீர்வு வடிவம். அந்தப் பேச்சை எடுத்ததும் பலர் 23 பேட்டர்ன்களையும் வரிசையாக மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். 1994-ல் நான்கு பேர் சேர்ந்து ஒரு புத்தகத்தில் தொகுத்த எண்ணிக்கை அது. அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, நல்ல நிரலாளர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததற்குப் பெயர் வைத்தார்கள். அதனால் பேட்டர்னில் ஆரம்பிக்காதீர்கள், தொல்லையில் ஆரம்பியுங்கள். நிரலில் செய்த மாற்றங்களின் பதிவான கிட் லாகைத் திறந்து, எந்த ஃபைலில் ஓயாமல் கை வைக்கிறீர்கள் என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கும்.

எங்களுக்கு மாறிக்கொண்டே இருந்தது கட்டண விதி. சரி, முதலில் இப்போது வரும் விலைகள் அப்படியே வருகின்றனவா என்று சோதிக்க டெஸ்ட் எழுதுங்கள், இதைத் தாண்டிப் போகவே போகாதீர்கள். அப்புறம் பயண விவரத்தை வாங்கிக்கொண்டு தொகையைத் திருப்பித் தரும் ஒரே ஒரு மெத்தட் உள்ள இன்டர்ஃபேஸ் போதும் (எதைச் செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும், எப்படி என்று சொல்லாத ஒப்பந்தம் அது). வாரநாள், வெள்ளி, பொங்கல் மூன்றும் அதை நிறைவேற்றும் தனித்தனி கிளாஸ்கள். இதுதான் ஸ்ட்ராட்டஜி என்ற பேட்டர்ன். எந்த நாளுக்கு எந்த விதி என்ற முடிவு எங்காவது இருந்துதான் ஆக வேண்டும், அது ஒரே இடத்தில் இருக்கட்டும். பைத்தானில் கிளாஸ்கூட வேண்டாம், ஃபங்ஷனையே அனுப்பிவிடலாம்.

ஸ்லீப்பர்தான் எங்களைக் குழப்பியது. அதையும் தனி விதியாக்கினால் வெள்ளி ஸ்லீப்பர், பொங்கல் ஸ்லீப்பர் என்று கிளாஸ்கள் பெருகும். அது எந்த நாளோடும் சேர்கிற கூடுதல் தொகை, ஆகவே இன்னொரு விதியை உள்ளே வைத்துக்கொண்டு, அது தரும் தொகைமேல் தன் பங்கைக் கூட்டிக் கொடுக்கும் டெக்கரேட்டர் என்ற பேட்டர்னாக எழுதினோம். அடுத்த பொங்கலுக்கு ஒரு புது ஃபைல் வந்தது, வெள்ளிக்கிழமையை யாரும் தொடவில்லை.

டிக்கெட் உறுதியானதும் எஸ்எம்எஸ், கணக்கு, இருக்கைப் பட்டியல் எல்லாவற்றுக்கும் தகவல் போக வேண்டுமா? அதற்கு அப்சர்வர், ஒன்று நடந்ததும் பதிவு செய்துகொண்ட எல்லாவற்றுக்கும் தகவல் சொல்லும் பேட்டர்ன். ஆனால் எஸ்எம்எஸ் விழுந்தால் கணக்கும் நின்றுவிடாதபடி ஒவ்வொன்றின் பிழையையும் தனியாகப் பிடியுங்கள். நிரல் முழுக்க ஒரே ஒரு ஆப்ஜெக்டை எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் சிங்கிள்டனை மட்டும் யோசித்துத் தொடுங்கள். ஒரு டெஸ்ட் மாற்றி வைத்த நிலை அடுத்த டெஸ்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் டீமில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் ஓடும். ரிவ்யூவில் 'இதை ஸ்ட்ராட்டஜி ஆக்கலாமே' என்றால் எல்லாருக்கும் ஒரே படம் மனதில் வரும், அரை மணி நேர விளக்கம் மிச்சம். பெயர் வைத்ததன் பெரிய லாபமே இதுதான் என்பேன்.

இரண்டே இஃப் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மூன்றாவது வரும்போது பிரிக்கலாம். முன்பே போட்டு வைத்த இன்டர்ஃபேஸில் இன்னும் ஒரே ஒரு கிளாஸ்தான் இருக்கிறது என்றால், அதைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.