மீள்சிந்தனைக் குறிப்பேடு: பயிற்சி ஆசிரியர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

"இன்றைய பாடம் நன்றாக அமைந்தது. மாணவர்கள் ஆர்வமாகக் கவனித்தனர்." பயிற்சி ஆசிரியர்கள் தாம் நடத்திய பாடத்தை அசைபோட்டு எழுதும் குறிப்பேடுகளில் இந்த வரி தவறாமல் இருக்கும். தேதியை மட்டும் மாற்றி எந்த நாளுக்கும் ஒட்டிக்கொள்ளலாம். மேற்பார்வையாளரின் கையெழுத்துக்காக எழுதினால் இப்படித்தான் வரும். ஒரு வாரக் குறிப்பை ஒரே இரவில் உட்கார்ந்து எழுதினாலும் இதே கதைதான். வகுப்பு முடிந்த கையோடு நான்கு வரி கிறுக்கி வைத்தால்கூடப் போதும்.

இதைவிடப் பெரிய தவறு, பழியைப் பிள்ளைகள் மேல் போடுவது. பின்னப் பாடம் நடக்கிறது. மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்று கேட்கிறீர்கள். ஒரு மாணவி "நான்கில் ஒன்று" என்கிறாள். "தப்பு, அடுத்து யார்?" என்று நகர்ந்துவிடுகிறீர்கள். மாலையில் குறிப்பேட்டில் ஏறுவது: "சிலர் கவனிக்கவில்லை." அவள் கவனித்தாள். மூன்றைவிட நான்கு பெரிது என்ற முழு எண் கணக்கை அப்படியே பின்னத்துக்கும் கொண்டுவந்துவிட்டாள், அவ்வளவுதான். "எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டிருந்தால் அது வெளியே வந்திருக்கும். எழுத வேண்டியது அவள் சொன்ன பதிலையும் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வியையும். ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை நாளைக்கு மடித்துக் காட்டலாம் என்ற யோசனையும் அப்போதுதான் வரும்.

தொழில் செய்பவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1983இல் இரண்டைப் பிரித்துக் காட்டினார்: செயலின் நடுவே சிந்திப்பது, செயல் முடிந்தபின் சிந்திப்பது. புதியவர்களுக்கு முதலாவது எளிதில் வராது. பாடக்குறிப்பை ஒப்பேற்றுவதிலேயே கவனம் முழுக்கப் போய்விடும். அதற்காக நொந்துகொள்ள வேண்டாம். இரண்டாவதை ஒழுங்காகச் செய்துவந்தால் முதலாவது மெல்லப் பழகும்.

சிலர் நேர் எதிராக, தன்னைத் தானே திட்டிக்கொண்டு பக்கத்தை நிரப்புவார்கள். கல்வியாளர் கிரகாம் கிப்ஸ் 1988இல் தந்த மீள்சிந்தனைச் சுழற்சியில் ஆறு படிகள்: நடந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, அலசல், முடிவு, அடுத்த திட்டம். இவர்கள் இரண்டாம் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். வேறு சிலர் ஆறையும் படிவம் போல நிரப்பிவிட்டு, கடைசியில் "இனி சிறப்பாகக் கற்பிப்பேன்" என்று முடிப்பார்கள். அது திட்டமே அல்ல. எந்த வகுப்பில், எதை, எப்படி மாற்றப்போகிறேன் என்று இருக்க வேண்டும்.

அப்புறம், தன் நினைவை மட்டும் நம்புவது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைப் பதிவுகளிலிருந்து கண்டறிந்தார். 3 விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. நம்மைக் கேட்டால் எல்லோரும் "நான் நேரம் கொடுக்கிறேனே" என்போம்! பள்ளியின் அனுமதி கிடைத்தால் பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்து, கேள்விக்குப் பின் எத்தனை விநாடி விட்டீர்கள் என்று எண்ணுங்கள். கிடைக்காவிட்டால், சக பயிற்சி ஆசிரியரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, யார் யாரிடம் கேள்வி கேட்டீர்கள் என்று இருக்கை வரைபடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். எந்த இருக்கையில் ஒரு கோடும் விழவில்லையோ, அடுத்த நாள் முதல் கேள்வி அங்கே போகட்டும்.