செல்களை ஒட்டிவைத்திருப்பது எது? வெங்காயம், கன்னம், உருளைக்கிழங்கு வைத்து ஒரு சோதனை

செல்லுக்குள் இருக்கும் நியூக்ளியஸையும் மைட்டோகாண்ட்ரியாவையும் பள்ளியில் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். ஒரு செல் பக்கத்துச் செல்லை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதோ ஒரு பத்தியில் முடிந்துவிடும். அதைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம்.

400 மடங்கு வரை பெரிதாக்கும் பள்ளி மைக்ரோஸ்கோப், ஸ்லைடு, கவர் ஸ்லிப், மெத்திலீன் நீலம், டிங்சர் அயோடின், பல் குத்தும் குச்சி, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, புளி, சமையல் சோடா ஆகியவை வேண்டும். சாயம் துணியில் பட்டால் போகாது. பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: வெங்காயத் தோல்

வெங்காயத்தை நான்காக வெட்டி, தடித்த ஒரு இதழை எடுங்கள். அதன் உட்குழிந்த பக்கத்தில் மெல்லிய, நிறமற்ற தோல் ஒன்று உரிந்து வரும். அதைச் சுருங்காமல் ஸ்லைடில் பரப்பி, தண்ணீர் கலந்த அயோடின் ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக் குமிழிதான் தெரியும்.

நீள நீளமான செல்கள் இடைவெளியே இல்லாமல் அடுக்கியிருக்கும். இரண்டு செல்களுக்கு நடுவே ஒரே கோடாகத் தெரிவது உண்மையில் மூன்று அடுக்கு: இந்தச் செல்லின் சுவர், அந்தச் செல்லின் சுவர், இடையில் பெக்டின் நிறைந்த நடு அடுக்கு. ஜாம் கெட்டிப்படுவதற்குக் காரணமான அதே பெக்டின்தான். கால்சியம் அயனிகள் பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கின்றன.

படி 2: கன்னத்துச் செல்

வாயைக் கொப்பளித்துவிட்டு, புதுக் குச்சியின் மழுங்கிய முனையால் உங்கள் கன்னத்தின் உட்பக்கத்தை லேசாகத் தடவுங்கள். ஸ்லைடில் தேய்த்து மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு. குச்சியை உடனே குப்பையில் போட்டுவிடுங்கள்.

இங்கே சுவர் கிடையாது. ஓரம் மடிந்த தட்டையான செல்கள் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ கிடக்கும். மேலடுக்குச் செல்கள் உதிரும் நிலையில் இருப்பவை, அதனால் சுலபமாக வந்துவிட்டன. அடியில் உள்ளவை வராது. அவற்றை டெஸ்மோசோம் என்ற புரதப் பொத்தான்கள் பிடித்திருக்கின்றன. இரண்டு செல்களிலிருந்தும் நீளும் காட்ஹெரின் வகைப் புரதங்கள் நடுவில் கோத்துக்கொள்ள, உள்பக்கம் அவை கெரட்டின் என்ற புரத இழைகளோடு கட்டப்பட்டிருக்கும். இதெல்லாம் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில்தான் தெரியும். நம் கருவியில் தேட வேண்டாம். அந்தப் பிடி விட்டால் என்னவாகும்? பெம்ஃபிகஸ் என்ற நோயில் உடலின் எதிர்ப்புப் புரதங்களே டெஸ்மோசோமில் உள்ள டெஸ்மோக்ளீன் என்ற காட்ஹெரின் வகைப் புரதத்தைத் தாக்குகின்றன. செல்கள் பிரிந்து கொப்புளம் வருகிறது, பலருக்கு முதலில் வாய்க்குள்.

படி 3: மூன்று பாத்திரம்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உருளைக்கிழங்கை ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு பாத்திரத்தில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் கெட்டியான புளிக்கரைசல், மூன்றாவதில் ஒரு ஸ்பூன் சோடா கலந்த தண்ணீர். மூன்றும் கொதித்த பிறகு துண்டுகளைப் போட்டு, ஒரே நேரம் வேகவிட்டு எடுங்கள்.

சோடாவில் போட்டது குழைந்திருக்கும். புளியில் போட்டது விறைப்பாகவே நிற்கும். வெந்நீரில் பெக்டின் இழைகள் அறுந்து கரைகின்றன. சோடா அதை வேகப்படுத்துகிறது, புளிப்பு தடுக்கிறது. காய் வெந்த பிறகே புளி ஊற்ற வேண்டும் என்று வீட்டில் சொல்வது இதனால்தான்.

அப்புறம், வெறும் தண்ணீரில் வெந்ததிலிருந்து குண்டூசி முனையளவு எடுத்து, அயோடினில் கலக்கிப் பாருங்கள். உருண்டை உருண்டையாக முழுச் செல்கள், உள்ளே ஸ்டார்ச் கருநீலமாகத் தெரியும். செல் உடையவில்லை, ஒட்டு மட்டும் விட்டிருக்கிறது. புளியில் வெந்ததைச் சுரண்டினால் பெரும்பாலும் கூட்டமாகவும் கிழிந்தும் வரும்.

படி 4: கால்சியம்

காட்ஹெரினுக்கும் கால்சியம் வேண்டும். அது இல்லாவிட்டால் புரதத்தின் வெளிப்பகுதி துவண்டுவிடும். ஆய்வகத்தில் தட்டில் வளர்க்கும் செல்களைப் பிரித்தெடுக்க, கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளையும், புரதத்தை வெட்டும் டிரிப்சினையும் சேர்த்து ஊற்றுவார்கள். செல்கள் உருண்டு மிதக்கத் தொடங்கும். பிரிந்தவை மறுபடி சேருமா என்றால், சேரும். 1907இல் எச்.வி. வில்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் கடற்பஞ்சு என்ற கடல் உயிரினத்தை மெல்லிய பட்டுத் துணி வழியே பிழிந்து தனிச் செல்களாக்கினார். அவை கூடி மீண்டும் சிறு கடற்பஞ்சுகளாயின.

நீங்கள் செய்து பார்க்க நான்காவதாக ஒரு பாத்திரம்: வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, அந்தத் தெளிநீரில் உருளைத் துண்டுகளை இரவு முழுக்க ஊறவையுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, கையுறை போடுங்கள். காலையில் நன்றாகக் கழுவி வெறும் தண்ணீரில் வேகவைத்து, ஊறாத துண்டோடு ஒப்பிடுங்கள். ஆக்ரா பேட்டா என்ற இனிப்புக்கு வெண்பூசணித் துண்டுகளை இப்படித்தான் சுண்ணாம்பு நீரில் ஊறப்போடுகிறார்கள். பாகில் கொதித்தாலும் அவை குழைவதில்லை.