வெயிலும் குளிரும் மாறும்போது வெளிப்பூச்சு ஏன் வெடிக்கிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

6 மீட்டர் நீளமுள்ள வெளிச்சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குளிர்கால விடியலில் அதன் மேற்பரப்பு 10 டிகிரி செல்சியஸ். கோடை மதியம் நேர் வெயில் பட்டால் 50 டிகிரி. ஸ்டக்கோ எனப்படும் சிமென்ட் வெளிப்பூச்சு, மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 0.01 மி.மீ. நீளும். அந்த 40 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் 2.4 மி.மீ. வருகிறது. ஆனால் பூச்சு பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பதால் இஷ்டத்துக்கு நீளவும் முடியாது, சுருங்கவும் முடியாது. நீளப் பார்க்கும்போது வரும் அழுத்தத்தைச் சிமென்ட் சமாளித்துவிடும். குளிர்ந்து சுருங்கும்போது வரும் இழுவிசையைத் தாங்க அதற்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலுதான் உண்டு. அதனால்தான் கோடை முழுக்க நன்றாக இருந்த சுவரில், குளிர் தொடங்கியதும் கோடுகள் தெரிகின்றன.

விரிசலைக் கண்டதும் அடைப்பது

பரவலான தவறு இதுதான். சிமென்ட் பாலோ வால் புட்டியோ வைத்துத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிடுவார்கள். விரிசல் என்பது அசைவதற்காகச் சுவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட இணைப்பு (ஜாயின்ட்). குளிரில் அகலும், வெயிலில் குறுகும். குறுகியிருக்கும் கோடையில் கெட்டியான புட்டியை வைத்தால், அடுத்த குளிரில் ஓரமாகப் பிய்ந்து பழைய கோட்டுக்குப் பக்கத்திலேயே புதுக் கோடு விழும். அகன்றிருக்கும் குளிரில் அடைத்தால், வெயில் ஏறும்போது நசுங்கி வெளியே துருத்தும். எப்போது அடைத்தாலும் தோல்விதான், அடைக்கும் பொருள் வளையாவிட்டால்.

முதலில் விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். விடியலிலும் மதியத்திலும் ஒரே இடத்தில் அகலத்தை அளங்கள், பருவம் மாறியபின் மறுபடி அளங்கள். அகலம் கூடிக் குறைந்தாலும் நீளம் வளராமல் இருந்தால் அது பெரும்பாலும் வெப்ப அசைவு.

0.3 மி.மீ.க்குக் குறைவான மயிரிழை விரிசலைத் தோண்டவே வேண்டாம். ரப்பர்போல் இழுபடும் எலாஸ்டோமெரிக் பெயின்ட் இரண்டு கோட் போதும். ஆனால் சுவருக்குள் ஏற்கெனவே ஈரம் இருந்தால் அந்தப் பெயின்ட் அதை உள்ளேயே பூட்டிவிடும். கசிவை நிறுத்தி, சுவர் காய்ந்தபின் அடியுங்கள்.

அதற்கு மேல் அகலமான, அசைகிற விரிசலை 6 மி.மீ. அகலத்துக்குச் சதுரப் பள்ளமாக வெட்டி, தூசியைத் துடைத்தெடுத்து, அடியில் ஒட்டாத டேப்பை வைத்து, பெயின்ட் ஏற்கும் பாலியூரித்தேன் அல்லது அக்ரிலிக் சீலன்ட்டால் நிரப்ப வேண்டும். அந்த டேப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சீலன்ட் இரு பக்கச் சுவரை மட்டும் பிடித்திருந்தால் ரப்பர்போல் இழுபடும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் இழுபட இடமில்லாமல் கிழியும். சாதாரண சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயின்ட் நிற்காது. வேலையை மிதமான பருவத்தில், சுவர் நிழலில் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

இணைப்பு இல்லாமல் பூசுவது, இணைப்புபோல் கோடு கிழிப்பது

கம்பி வலைமேல் பூசும் சுவரில் கண்ட்ரோல் ஜாயின்ட்களுக்கு (பூச்சு அசைய வேண்டுமென்றே விடும் இணைப்புகளுக்கு) நடுவே உள்ள பரப்பு 13 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. எந்தப் பக்கமும் 5.5 மீட்டருக்கு மிகக் கூடாது. நீளம் அகலத்தைப்போல் இரண்டரை மடங்குக்குள் இருக்க வேண்டும், ஒடுங்கி நீண்ட பட்டைகள் நடுவில் வெடிக்கும். கரணை முனையால் மேல்பூச்சில் மட்டும் கோடு இழுத்துவிட்டு அதை ஜாயின்ட் என்று சொல்வது ஏமாற்று வேலை. பின்னால் வலை அறுபடாமல் ஓடினால் இரு பக்கமும் ஒரே துண்டாகத்தான் இழுக்கும். ஜாயின்ட் வரும் இடத்தில் வலையையும் வெட்டியாக வேண்டும்.

செங்கல்லும் கான்கிரீட்டும் சேருமிடம் இன்னொரு பலவீனமான இடம். ஒரே வெயிலுக்குச் செங்கல் கான்கிரீட்டைவிடக் குறைவாக நீளும். அந்தக் கோட்டில் இரு பக்கமும் 150 மி.மீ. படும்படி கோழி வலை அடிக்காமல் பூசினால், தூணும் உத்தரமும் எங்கே இருக்கின்றன என்பதை விரிசலே வரைந்து காட்டிவிடும். ஜன்னல் மூலைகளில் வலைத்துண்டைச் சாய்வாக வையுங்கள், விரிசல் போகும் திசைக்குக் குறுக்காக.

கலவையும் க்யூரிங்கும்

சிமென்ட் கூடினால் சுவர் வலுவாகும் என்று சிமென்ட், மணல் 1:3 கலக்கிறார்கள். சிமென்ட் கூடக் கூடச் சுருக்கமும் கூடும், வளைந்துகொடுக்கும் தன்மை போய்விடும். சிமென்ட், சுண்ணாம்பு, மணல் 1:1:6 வெளிப்பூச்சுக்கு நல்ல கலவை. மேல்பூச்சு உள்பூச்சைவிடக் கெட்டியாக இருக்கவே கூடாது, இருந்தால் வெயிலில் சில்லுசில்லாகப் பெயரும்.

பூசும்போது நிழலைத் தொடர்ந்து போங்கள். மேற்குச் சுவரைக் காலையில், கிழக்குச் சுவரை மதியத்துக்குப் பின். சுட்டுக்கிடக்கும் சுவரில் உச்சி வெயிலில் ஹோஸ் பைப்பால் குளிர்ந்த நீரை அடிப்பது க்யூரிங் (பூச்சு இறுகும்வரை ஈரமாக வைப்பது) ஆகாது. மேல்தோல் திடீரென்று சுருங்கி வலைபோல் வெடிக்கும். காலையிலும் மாலையிலும் மெல்லிய தூவலாகத் தெளித்து, நடுவே ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கும் என்றால் பூச்சைத் தள்ளிப்போடுங்கள். ஈரப் பூச்சில் நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருத்து, கலவை இறுகும் முன்பே அதை உடைத்துவிடும்.

அடி விளிம்பும் நிறமும்

உறைபனி விழும் இடங்களில், மண்ணின் ஈரத்தை உறிஞ்சிய பழைய பூச்சிலும் இதே உறைதல் நடக்கும். எனவே பூச்சை மண்வரை இறக்காதீர்கள். மண்ணுக்கு மேல் 100 மி.மீ., தளம் போட்ட தரைக்கு மேல் 50 மி.மீ. இடைவெளி விடுங்கள். மரக்கட்டையால் தட்டும்போது உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் கேட்டால் அங்கே பூச்சு சுவரை விட்டுவிட்டது. விரிசலை மட்டும் அடைத்துப் பயனில்லை, அந்தத் துண்டையே வெட்டி எடுத்துப் பூச வேண்டும். வெயில் படும் சுவருக்கு அடர் நிறம் வேண்டவே வேண்டாம்.

விரிசல் 3 மி.மீ.க்கு மேல் அகலமாக இருந்தாலோ, அதன் ஒரு விளிம்பு மற்றதைவிட முன்னால் தள்ளி நின்றாலோ, செங்கல் வரிசையை ஒட்டிப் படிப்படியாக ஏறினாலோ வெயிலைக் குறை சொல்ல முடியாது. அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். பூச்சில் கை வைக்கும் முன் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.