சவூதிக்குப் புறப்படும் கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு: விசாத் தாள் முதல் இக்காமா வரை

எங்கள் பக்கத்தில் ஈசிஆர் என்றால் சாலைதான் ஞாபகத்துக்கு வரும். இன்னொரு ஈசிஆர் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. முதல் ஈசிஆர் உங்களைப் பெட்டியோடு சென்னைக்குக் கொண்டுபோய் விடும். இரண்டாவது ஈசிஆர் விமான நிலைய எமிக்ரேஷன் கவுண்டரில் நிறுத்தி, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். அதனால் மற்ற வேலைகளுக்கு முன்னால் பாஸ்போர்ட்டை எடுத்து, அப்பா அம்மா பெயர் இருக்கும் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். குடிபெயர்வு அனுமதி தேவை (Emigration Check Required) என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால் நீங்கள் ஈசிஆர் ஆள். ஒன்றும் இல்லையென்றால் பிரச்சினை இல்லை.

1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் சவூதி, குவைத், கத்தார், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வாங்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளம் வழியாக அந்த வேலை நடக்கும். பத்தாம் வகுப்புத் தேறியும் பாஸ்போர்ட்டில் அந்த வரி இருக்கிறதே என்று சிலர் வருவார்கள். மார்க் ஷீட்டோடு விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம். புதுச்சேரியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது. இதை விட்டுவிட்டு, "விசிட்டில் போய் இறங்கு, அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். சென்னையிலேயே ஆஃப்லோட் ஆவீர்கள், அதாவது விமானத்தில் ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைத் தாண்டினாலும், விசிட்டில் வந்தவர் அங்கே வேலை பார்த்தால் பிடித்து அனுப்புவார்கள்.

பெண்கள் விஷயத்தில் கெடுபிடி இன்னும் அதிகம். ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். தெருவில் சொல்லிக்கொண்டு வரும் ஏஜென்ட் மூலம் போகவும் முடியாது. தமிழ்நாட்டில் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் போன்ற அரசு நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும்.

யாருக்குக் கதவு எப்படித் திறக்கும்

புதுச்சேரியில் ஒரே தெருவில் இரண்டு நீதி உண்டு. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் கைப்பேசியில் உட்கார்ந்தபடியே சவூதி சுற்றுலா இ-விசா எடுத்துவிடுவான். 2019 செப்டம்பரில் சவூதி சுற்றுலாவுக்குக் கதவைத் திறந்தபோது சேர்த்த 49 நாடுகளில் பிரான்ஸும் ஒன்று. ஓராண்டு செல்லும், பலமுறை போய்வரலாம், 90 நாள் வரை தங்கலாம். எதிர் வீட்டு இந்திய பாஸ்போர்ட்காரருக்கு அந்தச் சலுகை நேரடியாகக் கிடைக்காது. அமெரிக்கா, இங்கிலாந்து, ஷெங்கன் விசா ஏதாவது ஒன்று செல்லுபடியாகும் நிலையில் இருந்து, அதில் ஒருமுறை அந்த நாட்டுக்குப் போய்வந்தும் இருந்தால் கதவு கொஞ்சம் திறக்கும். மற்றவர்கள் விண்ணப்ப மையத்துக்குப் போய் விரல் ரேகை வைத்துத்தான் ஆக வேண்டும். எந்த பாஸ்போர்ட்டாக இருந்தாலும் சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது.

அங்கே இக்காமாவோடு, அதாவது சவூதியில் தங்கி வேலை பார்ப்பதற்கான அடையாள அட்டையோடு இருப்பவர் மனைவி, பிள்ளை, பெற்றோரைக் குடும்ப விசிட்டில் அழைக்கலாம். அதற்கு உறவைக் காட்டும் சான்றிதழ்களில் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம் ஆட்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கல்யாணச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. நமக்கு மூன்றும் ஒரே ஆள். அவர்கள் கணினிக்கு மூன்று ஆட்கள். இனிஷியலை விரித்து, எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்வதை ஊரில் இருக்கும்போதே முடியுங்கள்.

பட்டம் வைத்து வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சான்றிதழைக் கொடுத்த மாநிலம்தான் முதலில் சரிபார்க்கும். புதுச்சேரிக் கல்லூரிப் பட்டத்தை எடுத்துக்கொண்டு சென்னைத் தலைமைச் செயலகத்தில் நிற்காதீர்கள். அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாடுகள் ஏற்கும் முத்திரை. 2022 டிசம்பரில் சவூதியும் அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் உடன்படிக்கைக்குள் வந்துவிட்டது. அதனால் அப்போஸ்டில் போதுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிட்டு, அதற்குமேல் பணம் கேட்கும் தரகருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

விசாத் தாளைப் படிக்காமல் பெட்டி கட்டாதீர்கள்

2023 மே மாதத்திலிருந்து பாஸ்போர்ட்டில் ஒட்டும் ஸ்டாம்பிங் இல்லை. கியூஆர் கோடு உள்ள ஒரு தாள் வரும். அதில் தொழில் என்ற கட்டம் அரபியில் இருக்கும். ஏஜென்ட் "சூப்பர் மார்க்கெட் ஹெல்பர்" என்று சொல்லியிருப்பார். தாளில் 'ராயி' என்று இருந்தால் அது ஆடு மேய்ப்பவர். 'ஸாயிக் காஸ்' என்றால் வீட்டு டிரைவர். 'ஆமில் மன்ஸிலி' என்றால் வீட்டு வேலை. சவூதியில் வாயால் சொன்ன வேலைக்கு மதிப்பில்லை. அந்தக் கட்டத்தில் இருப்பதுதான் உங்கள் வேலை.

நம் மாவட்டத்தில் அரபி படிக்கத் தெரிந்தவருக்கா பஞ்சம்? பரங்கிப்பேட்டையில் வீட்டுக்கு ஒரு சபராளி, அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர். லால்பேட்டையில் அரபிக் கல்லூரியே இருக்கிறது. தாளை எடுத்துக்கொண்டு அரபி படித்த மார்க்க ஆசிரியரான ஒரு ஹஜ்ரத்திடம் போய் "இந்த வரியில் என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் முதல்முறை போனபோது கேட்கவில்லை. கிடங்கு வேலை என்று சொல்லி அனுப்பினார்கள். இறங்கிய பிறகுதான் தாளில் தோட்ட வேலை என்று இருந்தது தெரிந்தது. 22 மாதம் பேரீச்சை மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினேன். பேரீச்சம்பழத்தை இன்றுவரை வாயில் வைப்பதில்லை, அது வேறு கதை.

தொழில் கட்டத்தைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் சம்பளம் மட்டுமல்ல. 2021 மார்ச் 14-லிருந்து கம்பெனித் தொழிலாளிகளுக்கு, குறிப்பிட்ட நிபந்தனைகளோடு, கபிலின் (விசா கொடுத்து அழைத்த முதலாளியின்) சம்மதம் இல்லாமலே வேறு வேலைக்கு மாறவும் ஊருக்குப் போய்வர எக்ஸிட் ரீ-என்ட்ரி எடுக்கவும் வழி செய்தார்கள். அந்தச் சீர்திருத்தத்தில் வீட்டு வேலை, வீட்டு டிரைவர், தோட்டம், பண்ணை, ஆடு மேய்ப்பு ஆகியவற்றைச் சேர்க்கவில்லை. அதாவது ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போகும் இரண்டு பேரில் ஒருவருக்கு வெளியே வர வழி இருக்கும், இன்னொருவருக்குப் பெரும்பாலும் கபில் மனது வைத்தால்தான் உண்டு.

ஆசாத் விசா என்று ஒன்றை விற்பார்கள். ஒருவர் பெயரில் விசா, வெளியே எங்கு வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்பார்கள். அப்படி ஒரு விசா சவூதி சட்டத்தில் கிடையாது. கபிலுக்கு மாசாமாசம் கப்பம் கட்ட வேண்டியிருக்கும். கட்டவில்லையென்றால் ஹுரூப் போட்டுவிடுவார், அதாவது ஓடிப்போனவர் என்று பதிந்துவிடுவார். அதற்குப் பிறகு தெருவில் நடப்பதற்கே பயப்பட வேண்டும்.

பணம், மெடிக்கல்

பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ரசீது கொடுத்தே ஆக வேண்டும். ஒன்றரை லட்சம் கேட்டால் மீதி எதற்கு என்று கேளுங்கள். விசா கட்டணம், இக்காமா, ஒர்க் பெர்மிட் எல்லாம் முதலாளியின் செலவு என்று சவூதி தொழிலாளர் சட்டமே சொல்கிறது. ஈசிஆர் ஆட்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375. விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்குப் பத்து லட்சம். அந்தத் தாளின் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்; பெட்டியோடு கொண்டுபோய் என்ன பயன்?

மெடிக்கல், வளைகுடா நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனைப் பதிவுத் தளமான வாஃபித்தில் பதிந்து, அவர்கள் ஒதுக்கும் மையத்தில்தான். முன்பு கம்கா என்று சொன்னது இதைத்தான். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, காசநோய் எல்லாம் பார்ப்பார்கள். சின்ன வயதில் காசநோய் வந்து குணமானவர்களுக்கும் எக்ஸ்ரேயில் தழும்பு தெரிந்தால் அன்ஃபிட் போட்டுவிடுவார்கள். அப்படி ஒரு சந்தேகம் இருந்தால், ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன்பே ஊரில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். வெல்டிங், பிளம்பிங், எலக்ட்ரிக்கல் போன்ற சில தொழில்களுக்கு இப்போது இங்கேயே திறன் தேர்வும் உண்டு.

அம்மா கட்டும் பெட்டி

எல்லா அம்மாவும் செய்வதைத்தான் என் அம்மாவும் செய்தார். முதுநகர் கருவாடு, எலுமிச்சை ஊறுகாய், அதற்கு நடுவில் குருமாவுக்கென்று ஒரு பொட்டலம் கசகசா. கால் கிலோகூட இருக்காது. தம்மாம் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கருவாட்டை முகர்ந்து முகத்தைச் சுளித்துவிட்டு ஒதுக்கினார். கசகசாப் பொட்டலத்தைப் பிரித்து விரலில் தொட்டுப் பார்த்ததும் என் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கசகசா அபின் செடியின் விதை என்பது அன்றைக்குத்தான் தெரியும். ஒரு மலையாளி சேட்டன் வந்து "சமையலுக்கு, சமையலுக்கு" என்று அரபியில் மன்றாடினார். ஒரு மணி நேரம் கழித்துப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு என்னை விட்டார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. இதற்காகச் சிறைக்குப் போனவர்கள் வளைகுடாவில் உண்டு. அரைத்த மசாலாவில் கலந்திருந்தாலும் வேண்டாம். கசகசா இல்லாமல் முந்திரி போட்டு அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

மாத்திரை விஷயத்திலும் இதே கதைதான். முதுகு வலிக்கு டிராமடோல், இருமலுக்குக் கோடீன் கலந்த மருந்து, தூக்கத்துக்கு அல்பிரசோலம் எல்லாம் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அவசியம் என்றால் மருத்துவர் சீட்டோடு சவூதி உணவு, மருந்து ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் "என் தம்பிகிட்ட குடுத்துடு" என்று நீட்டும் கவரைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். போதைப்பொருள் கடத்தலுக்கு அங்கே மரண தண்டனை வரை உண்டு.

ஹான்ஸ், குட்கா எதுவும் வேண்டாம். புதுச்சேரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: பாட்டிலைப் பெட்டியில் வைப்பது இருக்கட்டும், சட்டைப் பையில் ஒரு குவார்ட்டர்கூட ஆகாது.

இறங்கிய பிறகு

இறங்கியதும் விரல் ரேகையும் முகப் படமும் எடுத்து எல்லை எண் ஒன்று தருவார்கள். இக்காமா வரும்வரை உங்கள் அடையாளம் அதுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 90 நாளுக்குள் கம்பெனி இக்காமா எடுத்துத் தர வேண்டும். எண்பதாவது நாள்வரை சும்மா இருந்துவிட்டு அலறுவதைவிட, இரண்டாவது மாதத்திலேயே அலுவலகத்தில் கேட்கத் தொடங்குங்கள். பாஸ்போர்ட்டை "பத்திரமாக" வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் சில முதலாளிகளிடம் உண்டு. அதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. சண்டை போட முடியாத நிலையென்றால், குறைந்தது எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. மேஸ்திரி மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் மக்காவுக்குள் போக முடியாது. லாரி ஓட்டும் தம்பிகள் நெடுஞ்சாலையில் பிரியும் பலகையைப் பார்த்து வெளிவட்டச் சாலையில் திரும்பிவிடுங்கள். பொது இடத்தில் பிற மத வழிபாட்டுக்கு அனுமதி இல்லை. அறைக்குள் நீங்கள் கும்பிடும் சாமியை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், வீடியோ எடுத்துப் போட வேண்டாம். அரசுக் கட்டடம், சோதனைச் சாவடி பக்கம் கைப்பேசியைத் தூக்கவே வேண்டாம்.

இக்காமா கைக்கு வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். எண் 2-இல் தொடங்குகிறதா, தொழில் நீங்கள் ஒப்புக்கொண்டதுதானா, பெயர் சரியா. அரபியில் 'ழ' கிடையாது, நம் 'ப'வும் பாதிதான் கிடைக்கும். பழனி 'பலானி' ஆவதைத் தவிர்க்க முடியாது. ஆனால் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் அட்டையிலும் அப்படியே இருக்க வேண்டும். அட்டையில் காலாவதித் தேதியைத் தேடாதீர்கள், அது சவூதி அரசின் அப்ஷர் செயலியில்தான் தெரியும். அதில் உங்கள் பெயரில் உங்கள் கையால் கணக்குத் தொடங்குங்கள். கடவுச்சொல்லை முதீரிடம் (மேலாளரிடம்) கொடுக்காதீர்கள்.