முதல் குறுக்குத் தையல் கிட் வாங்கும் முன்

துணியின் கட்டங்களில் X வடிவில் தைத்துப் படம் உருவாக்குவதே குறுக்குத் தையல்; அதற்கான துணி, நூல், ஊசி, மாதிரிப் படம் எல்லாம் சேர்ந்த பொட்டலம்தான் கிட். அட்டைப் படத்தில் மயங்காதீர்கள். கிட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். 14 கவுண்ட் அய்டா துணி என்றிருந்தால் எடுக்கலாம். அய்டா என்பது கட்டம் கட்டமாக நெய்த துணி; 14 கவுண்ட் என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். 70 கட்ட அகலமுள்ள படம் அதில் 5 அங்குலம் வரும்; முதல் முயற்சிக்கு அதுவே போதும்.

நான் 40 நிறங்கள் கொண்ட மயிலில் தொடங்கினேன். கழுத்துக்கு மட்டும் ஏழு நீலங்கள். இரவு விளக்கில் எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன. பிரித்துப் பிரித்துத் தைத்ததில் துணியே தளர்ந்துவிட்டது. ஆகவே, பத்து நிறங்களுக்குள் இருப்பதையே தேர்ந்தெடுங்கள். கிட்டில் நூல்களை எண்ணிட்ட அட்டையில் பிரித்துக் கோத்திருக்க வேண்டும். ஊசி முனை மழுங்கியதாக இருக்கட்டும்.

கிட்டுக்குப் பதில் மாதிரிப் படங்கள் உள்ள புத்தகம் வாங்குவதென்றால், படத்தின் கட்டங்களில் நிறத்தோடு குறியீடும் அச்சிட்டிருக்கிறதா, ஆறு இழை நூலில் எத்தனை இழை எடுப்பதென்று சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.