குதிரைப் போர்வைகளை அடுத்த மார்கழி வரை பத்திரப்படுத்துவது எப்படி

சென்னையில் குதிரைக்குப் போர்வை தேவைப்படும் காலம் மிகக் குறுகியது. மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும்போது, வயதான குதிரைகளுக்கும் முடி கத்தரிக்கப்பட்ட குதிரைகளுக்கும் நோயிலிருந்து தேறிவரும் குதிரைகளுக்கும்தான் அதைப் போர்த்துகிறோம். நல்ல உடல்நிலையில் உள்ள குதிரை அந்தக் குளிரைத் தன் முடியைக் கொண்டே தாங்கிவிடும். ஆகவே ஆண்டின் பெரும்பகுதியைப் போர்வை பெட்டிக்குள்தான் கழிக்கிறது. இந்த ஊரில் அது குதிரையின் முதுகில் தேய்வதைவிட, சரியாகக் காயாமல் உள்ளே போய்ப் பூஞ்சை பிடித்துக் கெடுவதே அதிகம்.

துவைப்பதற்கு மாசி மாதம் ஏற்றது. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அப்போது விலகியிருக்கும். அக்னி நட்சத்திரத்தின் கடும் வெயிலும் இன்னும் வந்திருக்காது. கோடையில் குளிரான மலைப்பகுதிக்குப் போய்த் திரும்பும் குதிரைகளின் போர்வைகள் ஆனியில்தான் கைக்கு வரும் என்பதால், மாலை மழைக்கு முன் காய்ந்துவிடும்படி அவற்றை விடியற்காலையிலேயே துவைத்துவிட வேண்டும்.

தண்ணீர் படுவதற்கு முன் போர்வையைக் கயிற்றில் விரித்து, ரப்பர் சீப்பாலும் கடினமான பிரஷாலும் முடி, வைக்கோல் துணுக்கு, காய்ந்த சாணம் ஆகியவற்றை முழுவதுமாக நீக்குங்கள். இந்த வேலையை அவசரமாக முடிக்கக் கூடாது. கம்பளியை அரிப்பது அந்துப்பூச்சியின் புழு. வியர்வையும் தோல் பொடியும் படிந்த இடத்தைத்தான் அது முதலில் தேடிப் போகும். வீட்டுச் சலவை இயந்திரத்தில் குதிரைப் போர்வையைப் போட வேண்டாம். முடி வடிகுழாயை அடைத்துவிடும், நனைந்த போர்வையின் எடையையும் இயந்திரம் தாங்காது. சிமென்ட் தரையில் விரித்து, ரப்பர் குழாயால் நீர் அடித்துக் கழுவுவதே நல்லது. கல்லில் அடித்துத் துவைத்தால் உள்ளே வைத்துத் தைத்த பஞ்சு ஓரிடத்தில் திரண்டுவிடும்.

சோப்பைத் துணிக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பளிக்குப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் மிகவும் பொருத்தமானது. சுடுநீர் பட்டால் கம்பளி சுருங்கும், முறுக்கிப் பிழிந்தால் வடிவம் இழக்கும். சணல் போர்வையை நெடுநேரம் ஊற வைத்தால் நார் இற்றுப்போகும். மழைக்கான நீர்புகாத போர்வைகளுக்குச் சாதாரண சலவைத்தூளும் துணியை மென்மையாக்கும் திரவமும் ஆகா. அவை நீரைத் தடுக்கும் பூச்சின் வலிமையைக் குறைத்துவிடும். எந்தச் சோப்பாக இருந்தாலும் அதன் எச்சம் துளியும் இல்லாதபடி அலசுங்கள், ஏனென்றால் அடுத்த ஆண்டு குதிரையின் தோலில் அரிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் அந்த எச்சம்தான்.

படர்தாமரை கண்ட குதிரையின் போர்வையை மற்றவற்றோடு சேர்த்துத் துவைக்கவோ அடுக்கவோ கூடாது. அந்தப் பூஞ்சையின் வித்துகள் துணியில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். கிருமிநீக்கி எதைப் பயன்படுத்தலாம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிளீச்சிங் திரவம் கம்பளியை அரித்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உலர்த்துவதில் சென்னைக்கென்று ஒரு கணக்கு உண்டு. காலை வெயிலில் உட்புறம் வெளியே தெரியும்படி விரித்துவிட்டு, நண்பகலுக்குப் பின் கடற்காற்று வீசத் தொடங்கும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய லாயங்களில் இது இன்னும் முக்கியம். காற்றோடு வந்து படியும் உப்பு பிறகு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மேல்துணி காய்ந்துவிட்டதை நம்பி மடிக்காதீர்கள். கழுத்து மேட்டின் மீது படியும் பகுதியும், ஓரப்பட்டையும், தையல்களும் கடைசியில்தான் காயும். அவற்றை விரல்களுக்கிடையில் அழுத்திப் பார்த்து, குளிர்ச்சி தெரிந்தால் மறுநாளும் வெயிலில் போடுங்கள். உலர்ந்த போர்வை வெயிலின் சூட்டோடு பெட்டிக்குள் போனாலும் உள்ளே வியர்க்கும் என்பதால், நிழலில் ஆறவிட்டு வையுங்கள்.

கிழிசல்களை இப்போதே தைத்துவிடுவது நல்லது, ஏனென்றால் மார்கழியில் அதற்கு நேரம் இருக்காது. வார்களைச் செருப்பு தைப்பவரே தைத்துத் தருவார். தடித்த நைலான் துணிக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் கார் சீட் உறை தைப்பவர்களை நாடலாம். அழுக்கு நீங்கிய போர்வையைக் கொண்டுபோவதுதான் மரியாதை. கொக்கிகளில் வாசலினை மெல்லப் பூசுங்கள், ஒட்டுப்பட்டைகளை மூடிவையுங்கள், தோல் வார்களைக் கழற்ற முடிந்தால் தனியே வையுங்கள்.

வைக்கும் இடம் தகரக் கூரைக் கொட்டகையாக இருக்கக் கூடாது. நீர்புகாத போர்வையின் உட்பூச்சு சூடும் ஈரமும் சேர்ந்தால் பிசுபிசுத்து உரிந்துவிடும். அதைச் சரிசெய்ய வழியில்லை. கான்கிரீட் கூரையுள்ள, காற்றோட்டமான அறையில், சுவரை ஒட்டாமல் மேல் பரணில் வையுங்கள். தரையில் வைத்தால் கரையானும் எலியும் வரும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று நமக்குத் தெரியும், வெள்ளம் வரும் மாதங்கள் போர்வை வெளியே வரவேண்டிய காலத்துக்குச் சற்று முன்னால்தான் இருக்கின்றன.

போர்வையைப் பழைய பருத்தி வேட்டியிலோ படுக்கை விரிப்பிலோ சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையை நான் பரிந்துரைக்க மாட்டேன், சிறிது ஈரம் இருந்தாலும் அது வெளியேற வழியிருக்காது. டிரங்குப் பெட்டி எலியைத் தடுக்கும் என்றாலும் துருக்கறை படாமல் உள்ளே துணி விரிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த வேப்பிலையையும் வசம்பையும் மெல்லிய துணியில் முடிந்து மடிப்புகளுக்கிடையில் வைக்கலாம். பச்சை வேப்பிலை ஈரத்தைக் கொண்டுவரும். இவை பூச்சியை ஓரளவு விலக்குமே தவிர, அழுக்கான போர்வையைக் காப்பாற்றா. அந்துருண்டையின் ஆவி குதிரைக்கும் மனிதருக்கும் நல்லதல்ல. கற்பூரத்தை அறவே தவிர்த்துவிடுங்கள். சர்வதேசக் குதிரையேற்றப் போட்டிகளில் குதிரையின் உடலில் இருக்கக் கூடாத பொருள்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. பொட்டலத்தின் மேல் குதிரையின் பெயரையும், மார்பின் நடுவிலிருந்து பக்கவாட்டில் வால் அடி வரையிலான அளவையும் எழுதி ஒட்டுங்கள்.

புரட்டாசியில், பெருமழைக்கு முன், எல்லாவற்றையும் பிரித்து ஒரு காலை வெயில் காட்டி, மடிப்பை மாற்றி மீண்டும் வையுங்கள். வேப்பிலையையும் அப்போதே புதிதாக மாற்றலாம். மார்கழியில் வெளியே எடுத்ததும் நேராகக் குதிரையின் மேல் போடாமல், உதறி, காற்றாட விட்டு, ஒவ்வொரு வாரையும் முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் போர்த்தும் முன்பே மாற்றிவிடுங்கள், இரவில் போர்வை நழுவிக் காலில் சிக்கினால் குதிரை மிரண்டு விழுந்து காயப்படும்.