புரோட்டான் சிகிச்சை நடக்கும் வாரங்களில் வீட்டில் கவனிக்க வேண்டியவை

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குப் புரோட்டான் (அணுவுக்குள் இருக்கும் நுண்துகளைப் பாய்ச்சும் கதிர் சிகிச்சை) என்று முடிவானதும் வீட்டில் பாதிப் பேர் "அப்போ பக்கவிளைவே இருக்காதாமே" என்று நிம்மதியாகி விடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்பாவுக்கு அப்படித்தான் நினைத்தோம். அது சரியில்லை. வழக்கமான கதிர் சிகிச்சையில் பாயும் எக்ஸ்ரே கதிர் உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறும். புரோட்டான் குறித்த ஆழத்தில் சக்தியைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும், அதனால் கட்டிக்குப் பின்னால் இருப்பவை தப்பிக்கின்றன. ஆனால் கதிர் நுழையும் பக்கத்துத் தோலும், கட்டியை ஒட்டிய வாயும் தொண்டையும் தப்பிப்பதில்லை. சென்னை தரமணியில் 2019-இல் அப்பல்லோவின் புரோட்டான் மையம் திறந்தபிறகு நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இந்தச் சிகிச்சைக்குப் போகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

தொடங்கும் முன்பே பல் டாக்டரைப் பாருங்கள். எடுக்க வேண்டிய பல்லை அப்போதே எடுத்து, புண் ஆறிய பிறகுதான் கதிர் தொடங்க வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம் போகும். வலி இருக்காது. முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலைமாஸ்க்கை மேஜையோடு பூட்டிவிடுவார்கள், படுக்க வைத்துச் சரிபார்க்கத்தான் அதிக நேரம், கதிர் பாய்வது சில நிமிடம்தான். முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது, அப்புறம்தான் வாய்ப்புண், ருசி போவது, எச்சில் பசை மாதிரி கெட்டியாவது, தோல் சிவந்து கறுப்பது, தூங்கி எழுந்தும் தீராத அசதி எல்லாம் வரும்.

வாய்க்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. சாப்பிட்ட பிறகும் தூங்கும் முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், எரியும். குழம்பில் மிளகாயையும் புளியையும் குறைத்து, குழைந்த சாதம், நெய் விட்ட பருப்பு, ஆறிய ராகிக்கூழ், முட்டை என்று கொடுங்கள். புகையிலை, வெற்றிலை பாக்கு, மது அறவே கூடாது.

கழுத்தில் மஞ்சளோ சந்தனமோ பவுடரோ பூசாதீர்கள், சொந்தக்காரர்கள் அன்போடுதான் சொல்வார்கள், இருந்தாலும் பூசாதீர்கள். டாக்டர் சொன்ன களிம்பு மட்டும் போதும். காலர் இல்லாத பருத்திச் சட்டை போடட்டும். கதிருக்காகத் தோலில் பேனாவால் போட்ட குறிகளைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் எடை. புரோட்டான் எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்பது வழியில் எவ்வளவு சதை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆள் மெலிந்தால் மாஸ்க் தளரும், கதிர் நிற்கும் இடமும் மாறும், சைனஸில் சளி கட்டினால்கூடக் கணக்கு மாறலாம். அப்பாவுக்கு ஒரு பழைய டைரியில் எடையையும் அன்று விழுங்கியதையும் தினமும் எழுதினோம், மூன்றாவது வாரம் அந்த டைரியைப் பார்த்துத்தான் திரும்ப ஸ்கேன் எடுத்துத் திட்டத்தை மாற்றினார்கள். "மாஸ்க் கொஞ்சம் லூசா இருக்கு" என்று அவர் சொன்னால் அன்றைக்கே டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலோ, மூச்சுத் திணறினாலோ, வாயில் ரத்தம் நிற்காவிட்டாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கீமோவும் சேர்ந்து போகிறவர்களுக்கு இது இன்னும் அவசரம்.

வீட்டுக்கு வந்தபின் அவரால் யாருக்கும் கதிர் பரவாது, பேரக்குழந்தை தாராளமாக மடியில் உட்காரலாம். கடைசி நாள் முடிந்தும் ஓரிரு வாரம் புண்ணும் தோலும் இன்னும் மோசமாகத்தான் ஆகும், அதற்குப் பிறகே மெல்ல ஆறும். அதனால் வெளியூர்க்காரர்கள் அறையைக் காலி செய்யும் முன்பே வலி மாத்திரை, களிம்பு, இரவில் கூப்பிட வேண்டிய நம்பர், அடுத்துப் பார்க்க வர வேண்டிய தேதி இவ்வளவையும் அந்த டைரியில் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.